தூள் பூசிய நாடா

தாளும் தூளும்தான் சிவகாசியின் பிழைப்பு. தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசுகிற சிவப்புப் பாஸ்பரஸ், காகிதக் குழாய்க்குள் செலுத்துகிற வெடிமருந்து, காலண்டர் தாளில் ஏறுகிற மை என்று எதை எடுத்தாலும் ஏதோ ஒரு தூள், ஏதோ ஒரு தாள். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த நாளிலிருந்து இந்த வட்டாரத்துக்கு இவை இரண்டும்தான் சோறு போடுகின்றன. அவர்கள் ஊர் திரும்பி ஐந்தாறு வருஷத்தில், ஜெர்மனியில் ஒருவர் தாளையும் தூளையும் வேறு மாதிரி சேர்த்துப் பார்த்தார். அவர் பூசியது இரும்புத்தூள். அது எரியவில்லை, வெடிக்கவில்லை. சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது.

நாம் டேப் என்று சொல்லிப் பழகிய ஒலிநாடா அப்படித்தான் பிறந்தது. அது கடந்து வந்த வழியைப் பின்தொடர்ந்தால், சத்தங்களையே வெட்டி ஒட்டிச் செய்யும் மின்னணு இசையின் கதை முழுவதும் வந்துவிடும். அந்தக் கதையில் நம் கந்தக பூமிக்கு இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது.

டிரெஸ்டன் நகரத்துக் காகிதம்

அவர் பெயர் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர். டிரெஸ்டன் நகரில் இருந்தார். சிகரெட்டின் முனையில் தங்கம்போல் மினுங்கும் பட்டையைக் காகிதத்தில் பூசும் வழியைக் கண்டுபிடித்தவர். உலோகத் தூளைக் காகிதத்தில் ஒட்டவைக்கத் தெரிந்துவிட்ட பிறகு, இரும்புத்தூளை ஒட்டினால் என்ன என்று யோசித்தார். ஒலியைக் காந்தமாக்கி எஃகுக் கம்பியில் பதிவது அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. கம்பி கனமானது, விலை அதிகம், அறுந்தால் முடிச்சுத்தான் போட வேண்டும். காகிதமோ லேசானது, மலிவானது, அறுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். 1928-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

தத்துவம் எளிது. நாடாவில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் காந்தம். மைக்கில் விழும் சத்தம் மின்சாரமாகி, மின்சாரம் காந்தமாகி, ஓடும் நாடாவின் துகள்களை ஒரு வரிசைக்குக் கொண்டுவருகிறது. அதே நாடா மறுபடி ஓடும்போது அந்த வரிசை மின்சாரமாகி, ஸ்பீக்கரில் சத்தமாகிறது.

1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏஇஜி நிறுவனம் 'மேக்னட்டோஃபோன்' என்ற கருவியைக் காட்சிக்கு வைத்தது. அதற்குள் காகிதத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துவிட்டது. உலகப்போர் முடிந்தபோது ஜாக் முல்லின் என்ற அமெரிக்கப் படை அதிகாரி ஒரு ஜெர்மன் வானொலி நிலையத்தில் இந்தக் கருவியைப் பார்த்தார். இரண்டு கருவிகளைப் பாகம் பாகமாகக் கழற்றி, 50 நாடாச் சுருள்களோடு ஊருக்கு அனுப்பினார். 1948-ல் ஆம்பெக்ஸ் நிறுவனம் அமெரிக்காவிலேயே டேப் இயந்திரம் செய்து விற்கத் தொடங்கியது.

பிளேடும் பசையும்

இசைத்தட்டில் பதிந்த சத்தத்தைத் திருத்த முடியாது. நாடாவில் பதிந்ததைக் கத்தரிக்கலாம். இந்த ஒரு வசதி இசையின் போக்கையே மாற்றிவிட்டது. ஸ்டுடியோ டேப் நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். ஒரு நொடிச் சத்தத்தை மேசையில் நீட்டி ஸ்கேலால் அளக்கலாம். வேண்டாத இடத்தைச் சவர பிளேடால் சாய்வாக வெட்டி, வேண்டிய இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒட்டலாம். தலைகீழாகத் திருப்பி ஓட்டலாம். வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். இரட்டித்தால் ஒரு ஸ்தாயி மேலே ஏறும்.

இந்த எண்ணத்துக்கு வழி போட்டவர் பாரிஸ் வானொலியில் வேலை பார்த்த பியர் ஷேஃபர். 1948-ல் அவர் கையில் டேப் இல்லை. இசைத்தட்டுகளை வைத்தே தொடங்கினார். பாரிஸின் பத்தின்யோல் ரயில் நிலையத்துக்குப் போய் என்ஜின்களின் சத்தத்தைப் பதிந்து வந்து, அவற்றை அடுக்கி ஒரு படைப்பாக்கினார். அவர் செய்த ஒரு சோதனை இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. மணியை அடித்துப் பதிந்தார். அடி விழுகிற அந்தத் தொடக்கத்தை மட்டும் நீக்கிவிட்டு மீதியை ஓட்டினார். மணி மணியாகக் கேட்கவில்லை. ஊதுகிற வாத்தியத்தைப்போல் கேட்டது.

ஒலிவண்ணம் என்பது இதுதான். ஒரே ஸ்ருதியில் நாதஸ்வரமும் வீணையும் 'ச' பிடித்தாலும் கண்ணை மூடிக்கொண்டே எது எதுவென்று சொல்லிவிடுகிறோம். அந்த அடையாளத்தில் பெரும்பங்கு ஒலி தொடங்குகிற முதல் கணத்தில் இருக்கிறது என்பதை ஷேஃபரின் மணி காட்டிக்கொடுத்தது. ஸ்வரத்தையும் தாளத்தையும் வைத்து இசை கட்டுவதைப்போல ஒலிவண்ணத்தை வைத்தும் கட்டலாம் என்ற துணிவு அங்கிருந்து பிறந்தது.

இதை ஐரோப்பியர் மட்டும் செய்ததாக நினைக்க வேண்டாம். ஷேஃபருக்கு நான்கு ஆண்டு முன்பே, 1944-ல், கெய்ரோவில் ஹலீம் எல்-தாப் என்ற எகிப்திய இளைஞர் இரவல் வாங்கிய கம்பிப் பதிவுக் கருவியோடு, பெண்கள் கூடி ஆவியை அமைதிப்படுத்தும் 'ஸார்' சடங்குக்குப் போனார். நம் கரிசல் காட்டில் கோடாங்கி உடுக்கையடித்துக் குறி சொல்வதோடு உறவு கொண்டாடக்கூடிய சடங்கு அது. அங்கே பதிந்த குரல்களை வானொலி நிலையத்துக்குக் கொண்டுபோய், எதிரொலியைக் கூட்டியும் குறைத்தும் ஒரு படைப்பாக்கினார். உலகின் முதல் மின்னணு இசைப் படைப்புகளில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

சிவகாசிக்காரர் காது கொடுத்துக் கேட்க வேண்டிய படைப்பு இன்னொன்று உண்டு. 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்காக இயான்னிஸ் ஸெனாக்கிஸ் என்ற இசையமைப்பாளர் செய்தது. மூன்று நிமிடம்கூட ஓடாது. அதன் மூலப்பொருள் எரிகிற அடுப்புக்கரியின் சத்தம் ஒன்றுதான். கரி வெடித்துச் சிதறும் பொறிகளின் ஒலியை மிகச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தார். கேட்டால் கண்ணாடித் தூள் கொட்டுவதாகத் தோன்றும். கரி என்றே தெரியாது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்ததுதான் பழைய வெடிமருந்து. அந்த மூன்றில் ஒன்றை மட்டும் வைத்து ஒருவர் உலகக் கண்காட்சியில் இசை படைத்திருக்கிறார்.

அகமதாபாத் அறை

நாடா இந்தியாவில் இந்த வேலைக்கு வந்த கதை ஒரு பெண்ணிடம் தொடங்குகிறது. அகமதாபாத்தின் கீதா சாராபாய் 1946-ல் நியூயார்க் போனார். அங்கே ஜான் கேஜ் என்ற இசைக்கலைஞருக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்து, அவரிடம் மேற்கத்திய இசையைக் கற்றுக்கொண்டார். கேஜ் 1952-ல் நூற்றுக்கணக்கான ஒலித்துண்டுகளை வெட்டி ஒட்டி ஒரு டேப் படைப்பைச் செய்தபோது, அதன் ஸ்கோர் தையற்காரர் துணி வெட்டும் மாதிரித் தாளைப்போல், நாடாவை வைத்து வெட்டும் அளவிலேயே வரையப்பட்டிருந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்து வெட்டி ஒட்டியவர்களில் டேவிட் டியூடர் என்ற பியானோ கலைஞரும் ஒருவர். 1964-ல் மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழுவோடு கேஜும் டியூடரும் இந்தியா வந்து அகமதாபாத்தில் நிகழ்ச்சி நடத்தினார்கள்.

ஐந்து ஆண்டு கழித்து, 1969-ல், டியூடர் மறுபடி அதே ஊருக்கு வந்தார். கௌதம் சாராபாயும் கீரா சாராபாயும் முன்னின்று வளர்த்த தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மின்னணு இசை ஸ்டுடியோ ஒன்றை அமைத்துக் கொடுத்தார். மூக் சிந்தசைசரும் டேப் இயந்திரங்களும் அங்கே வந்து சேர்ந்தன. மின் அலைகளை வயரால் கோத்து விரும்பிய ஒலியை உண்டாக்குகிற அந்த மூக் கருவி அப்போது மேலைநாட்டு ஸ்டுடியோக்களிலேயே அரிது.

அந்த அறையில் கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்துர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1969-க்கும் 1972-க்கும் இடையில் டேப்பில் படைப்புகள் செய்தார்கள். விண்கலப் பயணத்தை நினைத்து ஒருவர் செய்தார். போருக்குப் பிந்தைய நிலையை நினைத்து ஒருவர் செய்தார். 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்காக ஒருவர் செய்தார். மாத்துரின் ஒரு படைப்புக்கு 'ஒருகாலத்தில் தம்பூரா வாசித்தேன்' என்ற பொருளில் பெயர்.

தம்பூராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஜீவாளி என்று ஒரு நூலைச் செருகுவார்கள். அதை மயிரிழை நகர்த்தினால் போதும். தந்தியின் ஸ்ருதி மாறாது. ஒலி மட்டும் மலர்ந்து, உள்ளேயிருக்கும் மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். மூக் கருவியின் குமிழைத் திருகி வடிகட்டியைத் திறந்தால் கிடைப்பதும் இதே விளைவுதான். ஒலிவண்ணத்தைக் கையால் செதுக்குகிற வித்தை நம் நாட்டில் அந்த நூலுக்குத் தெரிந்திருந்தது. அகமதாபாத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அதனால்தான் அந்த இயந்திரம் அந்நியமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பிறகு ஸ்டுடியோ ஓய்ந்தது. நாடாக்கள் கழகத்தின் அலமாரிக்குப் போயின. மின்னணு இசை வரலாறு என்று வந்த புத்தகங்களில் இந்த ஐவருக்கும் இடமில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் கலைஞர் அந்தச் சுருள்களைத் தேடிக் கண்டெடுத்தார். அவற்றை வைத்து 2020-ல் பிபிசி வானொலியில் ஒரு நிகழ்ச்சி செய்தார். 2023-ல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. இந்தியாவில் 1969-லேயே இந்த இசை நடந்தது என்பதற்கு அந்தச் சுருள்களைவிட நல்ல சாட்சி வேறில்லை. யாரோ அவற்றைக் குப்பையில் போடாமல் அலமாரியில் வைத்தார்கள். அந்தப் புண்ணியத்தில் ஐந்து பேருடைய வேலை பிழைத்தது.

வெடிமருந்துக்கும் நாடாவுக்கும் எதிரி ஒன்றுதான்: ஈரம். ஈரக்காற்று பட்டால் தூளைப் பிடித்திருக்கும் பசை இளகி, நாடா பிசுபிசுத்துப்போகும். அப்படிக் கெட்ட சில ரக நாடாக்களை 50 டிகிரிக்குச் சற்று மேல் மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் வைத்து உலர்த்தி, அவசர அவசரமாக ஒருமுறை ஓட்டிப் பிரதி எடுக்கிறார்கள். மழை குறைந்த வறண்ட வெயில்தான் பட்டாசுக்கும் அச்சுக்கும் சிவகாசியைத் தோதான ஊராக்கியது. நாடாவுக்கும் அந்த வெயில் நல்ல வீடாகத்தான் இருந்திருக்கும்.

சிவப்புப் பொத்தான்

நம் பக்கத்துக்கு நாடா கேசட்டாக வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய அந்தச் சின்னப் பெட்டி, எண்பதுகளில் வளைகுடா போய் வந்தவர்களின் டேப் ரிக்கார்டரோடு தென்மாவட்டத்துக் கிராமங்களுக்குள் நுழைந்தது. கடைவீதியில் ரிக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். கல்யாண வீட்டிலும் கோவில் கொடையிலும் குழாய் ரேடியோவில் இசைத்தட்டு போய் கேசட் வந்தது.

அந்த ரிக்கார்டர்களில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. பிளே பொத்தானையும் அதையும் சேர்த்து அழுத்தினால் எதிரே இருக்கும் எந்தச் சத்தமும் பதியும். அதை நாம் பெரும்பாலும் பாட்டைப் பிரதி எடுக்கத்தான் அழுத்தினோம். சில வீடுகளில் குழந்தையின் மழலையைப் பதிந்தார்கள். அந்தக் கேசட்டிலும் பிறகு பாட்டு ஏறிவிட்டது. தீப்பெட்டி ஆபீசில் சட்டத்தில் குச்சி அடுக்கும் சத்தத்தையும், அச்சாபீசில் டிரெடில் மிஷினின் சத்தத்தையும் பதிய வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. காலையிலிருந்து இரவுவரை காதில் விழுந்துகொண்டே இருந்ததால் அதைச் சத்தமாகக்கூட நாம் எண்ணவில்லை.

அதற்குள் சினிமா இசை வேகமாக நகர்ந்துவிட்டது. 1986-ல் 'புன்னகை மன்னன்' வந்தபோது சிந்தசைசரும் கம்ப்யூட்டரும் தமிழ் ரசிகனின் வீட்டுக்குள் வந்துவிட்டன. சாம்ப்ளர் வந்தது, எந்தச் சத்தத்தையும் நினைவகத்தில் வைத்துக் கட்டையில் வாசிக்கலாம் என்றானது. பிளேடுக்கும் பசைக்கும் வேலை போய்விட்டது. ஷேஃபர் ஒரு ஸ்டுடியோ நிறையக் கருவிகளை வைத்துக்கொண்டு செய்ததை இன்று சாதாரணச் செல்பேசி செய்கிறது.

நம் ஊர்ச் சத்தங்கள்

இந்த வட்டாரத்தின் சத்தங்களை நாடாவின் மேசையில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஆப்செட் மிஷின். மணிக்கு 10,800 தாள் ஓடும் மிஷின் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு மூன்று தாள். உறிஞ்சி தாளைத் தூக்கும், பற்றி இழுக்கும், உருளை புரளும்: நொடிக்கு மூன்று முறை, பிசகாத தாளம். இதைப் பதிந்து வேகத்தை நான்கு முறை அடுத்தடுத்து இரட்டியுங்கள். பதினாறு மடங்கு வேகத்தில் நொடிக்கு 48 தட்டு. நொடிக்கு இருபதைத் தாண்டியதும் காது தட்டுகளை எண்ணுவதை விட்டுவிடும். தாளம் கரைந்து கனத்த ஒரு ஸ்வரம் கேட்கும். தாளமும் ஸ்வரமும் வேகத்தால் மட்டும் வேறுபட்ட ஒரே பொருள் என்பதை கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் என்ற இசையமைப்பாளர் 1960-ல் முடித்த தம் படைப்பில் காட்டினார். அதையே காலண்டர் அடிக்கும் மிஷின் ஒன்று நமக்குச் செய்துகாட்டும்.

அடுத்தது வெடி. ஒற்றை வெடியின் சத்தத்தைப் பதிந்து, ஷேஃபர் மணிக்குச் செய்ததைச் செய்யுங்கள். நாடாக் கணக்கில் முதல் நான்கு மில்லிமீட்டரை, அதாவது நொடியில் நூறில் ஒரு பங்கை, வெட்டி எறியுங்கள். வெடி போய்விடும். மிஞ்சுவது சுவர்களின் பதில். சந்துக்குள் வெடித்தது என்றால் குறுகிய சந்தின் அதிர்வு. தேரோடும் வீதி என்றால் இரண்டு பக்கமும் மோதித் திரும்பும் நீண்ட ஓசை. கரிசல் காட்டு வெட்டவெளி என்றால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வெடியின் ஒலியிலிருந்து வெடியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்த ஊர். ஊரின் ஒலிவண்ணத்தைக் கேட்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சத்தத்துக்குச் சட்டமும் அளவு வைத்திருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது 1999-ல் வந்த விதி. சரவெடிக்கு 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தடை போட்டுவிட்டது. காற்றையும் குப்பையையும் நினைத்துப் போட்ட தடை. அதன் நியாயம் வேறு, பின்னல் வேலையில் பிழைத்தவர்களின் பாடு வேறு. இரண்டையும் இங்கே தீர்க்க முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம்: பதிவு செய்யாத சரவெடியின் சத்தம் இனித் திரும்ப வராது. கையால் அச்சுக்கோத்து ஓட்டிய டிரெடிலும், கைத்தீப்பெட்டியின் சட்டமும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கின்றன.

இன்னொரு சத்தத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. வெளியூரில் வெடிச்சத்தம் என்றால் தீபாவளி. இங்கே வேலை நாளின் நடுப்பகலில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வந்து, புகை எந்தத் திசை என்றுதான் முதலில் பார்ப்பார்கள். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன விபத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. வெடியை வைத்து இசை செய்கிறவர் அந்த அச்சத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். அதை வெறும் பரபரப்புக்காகப் பயன்படுத்துவது பாவம். அந்தக் கணத்துக்குப் பிறகு தெருவில் விழும் அமைதியையும், ஒருவரையொருவர் கூப்பிட்டு விசாரிக்கும் குரல்களையும் சேர்த்து வைத்தால்தான் அது இந்த மண்ணின் இசை.

சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இது. பட்டாசு ஆபீசுக்குள் செல்பேசியைக் கொண்டுபோகாதீர்கள். அது உயிர் விஷயம். வெளியே பதிய எவ்வளவோ இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் அட்டைப்பெட்டி ஒட்டுவது, காலண்டருக்குத் தகரம் அடிப்பது, அச்சாபீசில் கட்டிங் மிஷின் இறங்குவது, பழைய மிஷின்மேன் தன் மிஷினின் கோளாறைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் விதம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். வேலை செய்கிறவரிடம் அனுமதி கேட்டுப் பதியுங்கள். எம்பி3 ஆக்கிச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே வையுங்கள். தேதி, இடம், மிஷினின் பெயர், அவர் சம்மதித்தால் வேலை செய்தவரின் பெயர் என எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று இடங்களில் பிரதி இருக்கட்டும். பிறகு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் போட்டு வெட்டுங்கள், திருப்புங்கள், வேகத்தைக் குறையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றை அடுக்குங்கள். முதல் முயற்சி நன்றாக வராவிட்டால் அழித்துவிட்டு மறுபடி செய்யலாம். மூலப் பதிவு பத்திரமாக இருந்தால் போதும்.

அகமதாபாத்தில் ஐந்து பேருடைய நாடாக்கள் பிழைத்ததற்குக் காரணம், அவர்கள் பதிந்தார்கள், வேறு யாரோ எடுத்து வைத்தார்கள் என்பதுதான். தாளையும் தூளையும் வைத்து இந்தத் தேசம் முழுவதற்கும் வெளிச்சமும் சத்தமும் தருகிற வட்டாரம் தன் சொந்தச் சத்தத்தைத் தொலைத்துவிடக்கூடாது. இந்த வாரமே ஒன்றைப் பதிந்து வையுங்கள்.